தடம் இறங்கிய பிறகு

(காமயகவுண்டன்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரயில் வராத ஊரில் வந்து ரயில் பாலத்தைப் பற்றிப் பேசுவது உங்களில் சிலருக்கு விநோதமாகப் படலாம். தலைப்பைத் தொலைபேசியில் சொன்னபோது விழாக் குழு நண்பரும் கொஞ்சம் தயங்கினார். "நமக்குப் பக்கத்து ஸ்டேஷன் என்றால் போடி, இல்லாவிட்டால் தேனி. பாலம் என்று சொல்லிக்கொள்ளும்படி இங்கே என்ன இருக்கிறது ஐயா?" என்றார். திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக மலையடிவாரம் வரை ரயில் வேண்டும் என்று இந்தப் பள்ளத்தாக்கு பல காலமாக மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாதை வருகிற அன்றைக்கு முல்லைப் பெரியாற்றையும், மேற்கே மலையிலிருந்து இறங்குகிற ஓடைகளையும், வயலுக்குப் போகிற வாய்க்கால்களையும் தாண்டித்தான் வர வேண்டும். ரயில் கேட்கிற ஊருக்குப் பாலத்தைப் பற்றியும் நாலு கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே தலைப்பை மாற்றவில்லை.

போடிப் பாதையின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1928-இல் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010 டிசம்பரோடு அகலப் பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமும்தான் ரயில் திரும்பி வந்தது. இரண்டு முறை பாதையை இழந்து இரண்டு முறை மீட்ட வட்டாரம் இது. பாதையின் அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "பாலத்தின் மேல் போகும்போது ரயில் தடம் புரண்டால் என்ன ஆகும்?" சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். ஆனால் பாலம் கட்டியவர்கள் இந்தக் கேள்வியைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டவர்கள். சக்கரம் இறங்கவே இறங்காது என்று அவர்கள் நம்பவில்லை. இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டார்கள். இறங்கிய வண்டியை அக்கரை சேரும்வரை பாலத்தின் மேலேயே எப்படி வைத்திருப்பது என்று யோசித்தார்கள். அந்த யோசனையின் பலன் என்ன, அது எந்த இடத்தில் கைகொடுக்காமல் போகிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ரயில் சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஓடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எந்தப் பிடியும் கிடையாது. சக்கரத்தின் உள்பக்கம் வட்டமாக ஒரு விளிம்பு இறங்கியிருக்கிறது. அதன் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட முழுதாக வராது. 120 டன்னுக்கு மேல் எடையுள்ள மின்சார எஞ்சினையும் அதன் பின்னால் வரும் இருபத்துச் சொச்சம் பெட்டிகளையும் பாதையில் நிறுத்தி வைப்பது இந்த மூன்று சென்டிமீட்டர் இரும்புதான். தண்டவாளம் உடைந்தாலோ, வளைவில் வேகம் மிஞ்சினாலோ, அச்சுமுனை சூடேறி முறிந்தாலோ விளிம்பு மேலேறி மறுபக்கம் விழுந்துவிடும். தரையில் ஓடும்போது இது நடந்தால் சக்கரம் ஜல்லியை உழுதுகொண்டு போகும், பெட்டி சாயும், சில சமயம் சாயாமலேயே நிற்கும். கீழே மண் இருக்கிறது.

கர்டர் பாலத்தில் அந்த மண் இல்லை. இரண்டு எஃகு கர்டர்கள், அவற்றின் மேல் குறுக்கே ஸ்லீப்பர்கள், ஸ்லீப்பர் மேல் தண்டவாளம். அவ்வளவுதான் பாலம். ஸ்லீப்பர்களின் இடைவெளி வழியே குனிந்து பார்த்தால் நேராகத் தண்ணீர் தெரியும். பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பி இருந்தால் அது வேலையாட்கள் பிடித்துக்கொள்ள வைத்தது, பெட்டியைத் தாங்காது. மேலே இரும்புச் சட்டம் கட்டிய பெரிய பாலங்களில் ஆபத்து வேறு மாதிரி. அங்கே சாய்ந்த பெட்டி ஆற்றில் விழுவதற்கு முன் சட்டத்தின் கால் ஒன்றை இடித்துத் தள்ளிவிடலாம். பாலத்தையே தாங்குகிற கால் அது.

அடுத்த முறை ரயிலில் மதுரைக்கோ சென்னைக்கோ போகும்போது, பாலம் நெருங்கும் இடத்தில் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவனித்துப் பாருங்கள். ஓடுகிற இரண்டு தண்டவாளங்களுக்கு உள்பக்கம் இன்னும் இரண்டு தண்டவாளங்கள் கூடவே போகும். எந்த வண்டியும் அவற்றின் மேல் ஓடுவதில்லை, ஆகவே தலை மின்னாது, துருவேறிக் கிடக்கும். கேங்மேன்கள் இதைக் கார்டு ரெயில் என்பார்கள். நான் காப்புத் தண்டவாளம் என்று சொல்லிக்கொள்கிறேன். பெரும்பாலும் ஓடுபாதையிலிருந்து தேய்ந்து கழற்றிய பழைய தண்டவாளத்தையே இதற்குப் போடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வேலை.

அது எப்படிக் காப்பாற்றுகிறது? அகலப் பாதையில் ஓடுகிற தண்டவாளத்தின் உள்முகத்துக்கும் காப்புத் தண்டவாளத்துக்கும் நடுவே 250 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ரயில்வே கையேட்டின் கணக்கு. ஐம்பது மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். ஏறக்குறைய ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சில் இரண்டு சக்கரங்களும் இறுகக் கோத்திருக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்று பிரியாது. வண்டி வலதுபக்கம் தடம் இறங்கினால் வலச் சக்கரம் வெளியே விழும், இடச் சக்கரம் பாதையின் உள்ளே விழும். உள்ளே விழுந்த இடச் சக்கரம் மேலும் வலதுபக்கம் நகரப் பார்க்கும்போது இந்தக் காப்புத் தண்டவாளம் குறுக்கே நிற்கிறது. ஒரு சாணுக்கு மேல் அதை நகர விடாது. இடச் சக்கரம் நகராவிட்டால் வலச் சக்கரமும் நகராது. தடம் இறங்கிய வண்டி ஸ்லீப்பர்களின் மேலேயே தடதடவென்று குதித்துக்கொண்டு, ஆனால் பாலத்தை விட்டு விழாமல், அக்கரை போய்ச் சேரும். உள்ளே இருப்பவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். ஆனால் வரும்.

இதன் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓடுபாதையின் தலையைவிட 25 மில்லிமீட்டருக்கு மேல் காப்புத் தண்டவாளம் தாழக் கூடாது. அதற்கு மேல் தாழ்ந்தால் குதிக்கிற சக்கரம் அதையும் தாண்டிப் போய்விடும். மரக்கட்டை ஸ்லீப்பர்களில் ஆணி அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது: பாதையின் நடுவைப் பார்த்த பக்கம் இரண்டு ஆணி, எதிர்ப்பக்கம் ஒரு ஆணி. உள்ளே விழுந்த சக்கரம் காப்புத் தண்டவாளத்தை நடுப்பக்கமாகத்தான் தள்ளும். தள்ளுகிற திசையில் பிடிமானம் இரட்டிப்பாக வேண்டும். இப்படி ஆணிக் கணக்குவரை யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். மராமத்துக்காகக் கழற்றிய காப்புத் தண்டவாளத்தைத் திரும்பப் போடும்போது அவசரத்தில் ஒன்றுவிட்டு ஒரு கட்டையில் மட்டும் ஆணி அடித்து வைத்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பாலம் என்று கேட்காதீர்கள். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். சக்கரம் வந்து முட்டுகிற அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

சக்கரம் பாலத்தின் மேல்தான் இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அரை கிலோமீட்டருக்கு முன்பே பதினைந்தாவது பெட்டியின் ஒரு சக்கரம் இறங்கியிருக்கலாம். எஞ்சினில் இருக்கும் லோகோ பைலட்டுக்கு அது தெரியாது. ஆகவே காப்புத் தண்டவாளம் பாலம் தொடங்குவதற்கு முன்பே, கரையிலேயே தொடங்குகிறது. அங்கே இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வளைந்து வந்து பாதையின் நடுவில் கூர்முனையாகச் சேரும். ஏற்கெனவே இறங்கி, கோணலாக வருகிற சக்கரத்தை அந்தக் கூர்முனை அதனதன் பக்கம் ஒதுக்கி, ஒரு சாண் இடைவெளிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முனையைக் கீழ்நோக்கி வளைத்து ஜல்லிக்குள் புதைத்துவிடுவார்கள். அங்கே ஒரு மரக்கட்டையையும் பொருத்துவார்கள். பெட்டிகளை இணைக்கும் கொக்கி எதுவும் கழன்று தொங்கிக்கொண்டு வந்தால் இந்த முனையில் மாட்டிக்கொள்ளக் கூடாதே, அதற்காக. காப்பாற்ற வைத்ததே ஆபத்தாகிவிடக் கூடாது என்று இன்னொரு படி யோசித்த கை அது. யாருடைய கை என்று தெரியாது. ஏதோ ஒரு பாலத்தில் ஏதோ ஒரு கொக்கி மாட்டியிராமல் இந்தக் கட்டை வந்திருக்காது என்பது என் ஊகம்.

காப்புத் தண்டவாளம் தனியாக எதையும் செய்துவிட முடியாது. இறங்கிய சக்கரம் ஸ்லீப்பர்களின் மேல் உருள வேண்டும் என்றால் ஸ்லீப்பர்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் சக்கரம் நடுவே தொபுக்கென்று இறங்கிக் கட்டைகளை வாரிக்கொண்டு போய்விடும். கட்டைகள் நகராமல் இருக்க, ஒவ்வொன்றையும் கர்டரின் விளிம்போடு கொக்கி போல்ட்டால் பிணைத்திருப்பார்கள். பாலத்தில் கையில் சுத்தியலோடு குனிந்து நடக்கிற கீமேனைப் பார்த்தால், அவர் இந்த போல்ட்டுகளையும் ஆணிகளையும் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் போகிறார். இப்போது மரக்கட்டைகள் மெல்ல மெல்லப் போய், எஃகு ஸ்லீப்பர்கள் வந்துவிட்டன. எல்லா கர்டர் பாலங்களிலும் காப்புத் தண்டவாளம் இருந்தே ஆக வேண்டும், சின்னதானாலும் பெரியதானாலும். ஜல்லி நிரப்பிய கல்வளைவுப் பாலங்களில் பெரியவற்றுக்குக் கட்டாயம். செங்கோட்டை மலைப்பாதையில், 1904-இல் திறந்த பாதையில், கழுதுருட்டிக்குப் பக்கத்திலுள்ள பதின்மூன்று கண் பாலத்தைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அது கல்வளைவுப் பாலம்.

உலகத்தில் மிக வேகமான ரயில்களை ஓட்டுகிறவர்களும் கடைசியில் இந்தப் பழைய யோசனைக்கே வந்து சேர்ந்தார்கள். 2004 அக்டோபர் 23 அன்று ஜப்பானின் நீகாத்தா பகுதியில் பெரிய நிலநடுக்கம். தூண்கள் மேல் கட்டிய உயர்பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த புல்லட் ரயிலின் பத்துப் பெட்டிகளில் எட்டு தடம் இறங்கின. நூற்றைம்பது பேர் அளவுக்குப் பயணிகள். ஒருவரும் இறக்கவில்லை. பெட்டியின் அடிப்பாகத்து உறுப்பு தண்டவாளத்தோடு உரசி மாட்டிக்கொண்டதால் வண்டி பக்கவாட்டில் வெகுதூரம் விலகாமல் நின்றது. அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை விதியாக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்து, அதன் பிறகு ஒரு நிறுவனம் பெட்டியின் சக்கரச் சட்டத்திலேயே வளைந்த வழிகாட்டி இரும்பைப் பொருத்தியது. இன்னொன்று பாதையின் உள்பக்கம் காப்புத் தண்டவாளம் போடத் தொடங்கியது.

இதுவரை நல்ல செய்தி. இனி, இந்த இரும்பு கைகொடுக்காத இடங்களுக்கு வருகிறேன்.

முதலில் காற்று. பெட்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளினால் அது நகராது, சாயும். சாய்கிற பெட்டியின் சக்கரம் மேலெழும்பும். காப்புத் தண்டவாளத்துக்கு அங்கே வேலை இல்லை. 1879 டிசம்பர் 28 இரவு ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் புயலில் ரயிலோடு விழுந்தது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள், உள்ளே இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாலத்தை வடிவமைத்த தாமஸ் பவுச் காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாக எதுவும் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதற்குச் சரியாக 107 ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பர் 28-இல், ஜப்பானில் அமரூபே என்னும் உயரமான பாலத்திலிருந்து காலியாகப் போன ரயிலைக் காற்று கீழே தள்ளியது. கீழே இருந்த நண்டு பதப்படுத்தும் ஆலையின் மேல் பெட்டிகள் விழுந்து ஐந்து தொழிலாளர்களும் ரயில் ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். காற்றை அளக்கும் கருவி அங்கே இருந்தது. எச்சரிக்கையும் வந்தது. ரயில் நிற்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு ரயிலை நிறுத்தும் காற்றளவை நொடிக்கு 25 மீட்டரிலிருந்து 20 மீட்டராகக் குறைத்தார்கள்.

நம் பாம்பனின் பழைய பாலத்தில் இந்தக் கருவியை சிக்னலோடு சேர்த்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்கு வந்துவிடும். யாரும் யாருக்கும் போன் போட்டு அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தப் பாலத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். மண்டபத்தில் ரயில் மணிக்கணக்கில் நிற்கும், பயணிகள் திட்டுவார்கள், காற்று அடங்கிய பிறகுதான் கிளம்பும்.

அந்தப் பாலத்தின் கதையை இங்கே சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவே கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்து மேலெழும் ஷெர்ஸர் பகுதி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. பலரும் அது பாலத்திலிருந்து விழுந்ததாக நினைக்கிறார்கள். அது பாலத்தைக் கடந்து தீவுக்குள் நடந்தது. பாலத்தில் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன, ஷெர்ஸர் பகுதி மட்டும் அப்படியே நின்றது. சரிசெய்யும் பொறுப்பு இளைஞராக இருந்த ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துத் திரும்ப ஏற்றி 46 நாளில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் கட்டியவர் அவரே.

பெருமண் விபத்தைச் சொல்லாமல் காற்றை முடிக்க முடியாது. நம் மலைக்கு அந்தப் பக்கம், கொல்லத்துக்கு அருகே, 1988 ஜூலை 8 பகலில் ஐலண்ட் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்தன. 105 பேர் இறந்தார்கள். ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சுழற்காற்று காரணம் என்றது. கேரளத்தில் அதை ஏற்றுக்கொண்டவர்களைவிட ஏற்றுக்கொள்ளாதவர்களே அதிகம். தண்டவாளத்தையோ சக்கரத்தையோ சந்தேகித்தார்கள். நான் அந்த விவாதத்தில் பக்கம் சாயப் போவதில்லை. ஆனால் காரணத்தில் ஊரும் அரசும் ஒத்துப்போகாத விபத்திலிருந்து பாடம் எடுப்பது கடினம். காற்று என்றால் கருவி வைக்கலாம், தண்டவாளம் என்றால் ஆள் போடலாம். எது என்றே முடிவாகாதபோது எதைச் செய்வது?

இந்த இடத்தில் ஒரு தகவல். ரயில் விபத்துகளை விசாரிக்கும், புதிய பாதையில் வண்டி ஓட அனுமதி கொடுக்கும் பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஓட்டுகிறவனே நடுவராக உட்காரக் கூடாது என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1941-இல், பிரித்துவிட்டார்கள்.

அடுத்தது தண்ணீர். இதுதான் இரண்டிலும் கொடியது, நம் நாட்டுக்கு மிக நெருக்கமானது.

1956 நவம்பர் 23. சென்னை எழும்பூரிலிருந்து முதல் நாள் இரவு கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் அரியலூரைத் தாண்டியது. அடை மழை. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாறு பெருக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளத்தில் பாலம் பலமிழந்திருந்தது. எஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. 140 பேருக்கும் மேல் இறந்தார்கள் என்பது கணக்கு. தென்மாவட்டத்தில் அந்த ரயிலில் சொந்தக்காரரை இழக்காத ஊர் குறைவு என்று என் தகப்பனார் சொல்வார்.

அதற்கு முன் செப்டம்பரில்தான் இன்றைய தெலங்கானாவில் மகபூப்நகருக்கு அருகே இதே போல் வெள்ளத்தில் பாலம் போய் நூற்றுக்கும் மேல் இறந்திருந்தார்கள். அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கடிதம் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். மேடைதோறும் அந்த ராஜினாமாவைப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் அரியலூர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு மந்திரியின் நாணயம் மட்டுமே என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்த ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, பாலத்தில் யார் இருந்தார்கள், ரயிலை யார் நிறுத்தியிருக்க முடியும் என்ற பேச்சு அதன் கீழே அமுங்கிப்போய்விட்டது.

ஆறு பாலத்தைத் தள்ளி விழுத்துவது அபூர்வம். தோண்டித்தான் விழுத்தும். தூணில் மோதும் நீர் சுழன்று அதன் காலடி மண்ணை வாரும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது குழி ஆழமாக இருக்கும். வடிகிறபோது அதே குழியில் வண்டல் வந்து மூடிவிடும். மறுநாள் வந்து பார்க்கிறவருக்கு ஆற்றுப் படுகை சமமாகத் தெரியும். கரையோடு பாலம் சேரும் இடம் இன்னும் மோசம், அங்கே இருப்பது வெறும் மண்மேடு. மேலே தண்டவாளம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், கீழே தாங்க ஒன்றும் இருக்காது. காப்புத் தண்டவாளம் இரண்டும் அந்தத் தண்டவாளத்தோடு சேர்ந்தே தொங்கும். கண்மாய்க் கரைமேல் மாட்டுவண்டி ஓட்டுகிறவன் சக்கரத்தைப் பார்க்க மாட்டான், கரையைத்தான் பார்ப்பான்; மழைக்காலத்துப் பாலத்துக்கும் அதே பார்வை வேண்டும்.

அந்தப் பார்வைக்கு ரயில்வே வைத்திருக்கும் ஏற்பாடு மிக எளிமையானது. தூணில் அபாய மட்டம் எழுதியிருக்கும். இதுவரை வந்த அதிகபட்ச வெள்ளத்தின் மட்டமும் எழுதியிருக்கும். ஆபத்தான பாலங்களில் மழைக்காலத்தில் காவலாள் இருப்பார். இரவில் ரோந்து ஆட்கள் கைவிளக்கோடு பாதை நெடுக நடப்பார்கள், ஸ்டேஷன் மாஸ்டரிடம் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவார்கள். தண்ணீர் அபாயக் கோட்டைத் தொட்டால், மேலதிகாரியைக் கேட்காமலே ரயிலை நிறுத்தும் உரிமை அந்தக் காவலாளுக்கு உண்டு. சிவப்பு விளக்கு காட்டுவதோடு, பாலத்திலிருந்து 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு பட்டாசும், 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று பட்டாசும் வைக்க வேண்டும். சக்கரம் ஏறியதும் வெடிக்கும், லோகோ பைலட் பிரேக் போடுவார். கொட்டுகிற மழையில், கும்மிருட்டில், ஒன்றேகால் கிலோமீட்டர் ஓடிப்போய் இதை வைக்கிறவர் ரயில்வேயின் கடைசி ஊதியப் படியில் இருப்பவர். பாலப் பாதுகாப்பில் மிக முக்கியமான கருவி எது என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன், அவருக்குத் தரப்பட்டிருக்கிற அந்த உரிமையைச் சேர்த்து. நிறுத்தியது வீண் என்று பிறகு தெரிந்தாலும் அவரைக் கேள்வி கேட்காத நிர்வாகமாக இருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர்.

கடலுண்டியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழிக்கோட்டுக்குத் தெற்கே, 2001 ஜூன் 22 அன்று, மங்களூர் – சென்னை மெயில் போகும்போது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலத்தின் தூண் இறங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகத்தை மட்டும் பார்த்துப் பாலம் நன்றாக இருக்கிறது என்று எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பாலம் காட்டியது. அதே ஆண்டு பழைய பாலங்களையும் தண்டவாளங்களையும் மாற்ற 17,000 கோடி ரூபாயில் சிறப்புப் பாதுகாப்பு நிதி ஏற்படுத்தினார்கள்.

உங்கள் ஊர் நிலைமைக்கு மிக அருகில் வருவது வலிகொண்டா விபத்து. 2005 அக்டோபர் 29, அன்றைய ஆந்திரம். பெரிய ஆறு எதுவும் இல்லை. மழையில் ஓர் ஏரி உடைந்தது. அந்தத் தண்ணீர் வந்து ஒரு சின்னப் பாலத்தை வாரிக்கொண்டு போனது. அதிகாலையில் வந்த பயணிகள் ரயில் அந்தப் பள்ளத்தில் விழுந்து 114 பேர் இறந்தார்கள். அந்த ஏரி ரயில்வேயின் சொத்து அல்ல. அதன் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் வேறு. ரயில்பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரி, கண்மாய், அணை, வாய்க்கால் எவையெவை என்று ரயில்வேயிடம் ஒரு பட்டியல் உண்டு. ஆண்டுதோறும் மழைக்கு முன் மாநில அதிகாரிகளோடு சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. விதி பழையது, நல்லது. இரண்டு அரசு அலுவலகங்கள் ஒரே நாளில் ஒரே கரையில் சந்திக்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிரமம்.

புதிய பாம்பன் பாலத்தைக் கேட்பீர்கள் என்று தெரியும். பழையதை 2022 டிசம்பர் 23 அன்று நிறுத்தினார்கள். தூக்குப் பகுதியில் பொருத்தியிருந்த உணர்கருவிகள் அதிர்வு மிஞ்சுகிறது என்று காட்டின. 1964 புயல் அடித்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் முடிந்த மறுநாள் அது, தற்செயல்தான். 108 வயதுப் பாலத்தை, விழுவதற்கு முன் ஒரு கருவியின் பேச்சைக் கேட்டு மூடியது எனக்குப் புதுப்பாலத்தின் திறப்பு விழாவைவிடப் பெரிய செய்தி. புதியது 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. 18.3 மீட்டர் நீளத்தில் 99 கண்கள், நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். இந்த மாதிரிப் பாலத்தில் தூக்கிய பகுதி கீழே வந்து சரியாக அமர்ந்து பூட்டிக்கொண்டால்தான் சிக்னல் இறங்கும்; அந்தப் பிணைப்பு இல்லாமல் தூக்குப்பாலமே கிடையாது. பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் பாலத்தில் 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி கொடுத்தார். கொடுக்கும்போதே துருப்பிடிப்பதைப் பற்றியும் வடிவமைப்பு நடைமுறையைப் பற்றியும் குறைகளை எழுதியே கொடுத்தார். அது பத்திரிகைகளில் வந்தபோது நண்பர்கள் பலர் பயந்துபோய் என்னைக் கேட்டார்கள். குறை எழுதாத ஆணையரைத்தான் எனக்குப் பயம் என்றேன்.

திரும்ப இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். இங்கே பாதை வந்தால் பாம்பன் மாதிரி பெரிய பாலம் எதுவும் தேவைப்படாது. வரப்போவது இருபது அடி, நாற்பது அடிச் சிறு பாலங்களும் குழாய்ப் பாலங்களும்தான். மேற்குமலையில் ஒரு மணி நேரம் கொட்டினால், வெயிலடிக்கிற ஊருக்குள் ஓடை திடீரென்று பெருகி வரும். சுருளி அருவியில் குளிக்க விடாமல் வனத்துறை தடுக்கிற நாட்களை எண்ணிப் பாருங்கள். அந்த மாதிரி ஓடைக்கு எத்தனை அடி கண் விட வேண்டும் என்பதை வரைபடம் போடுகிற இன்ஜினீயர் மழைப் பதிவேட்டிலிருந்து கணக்குப் போடுவார். ஊர்க்காரரிடமும் கேட்க வேண்டும் என்பதும் நடைமுறைதான்: பழைய வெள்ளம் எந்தத் திண்ணைவரை வந்தது, எந்த வரப்பு உடைந்தது, எந்த ஓடையை யார் ஆக்கிரமித்துத் தென்னையும் திராட்சையும் வைத்தார்கள். கடைசிக் கேள்விக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பாலம் அளக்க வருகிறவர்களிடம் அதையும் சொல்லிவிடுங்கள். ஓடை இப்போது ஓடுகிற அகலத்துக்குக் கண் விட்டால் போதாது. அது முன்பு ஓடிய அகலத்துக்கு விட வேண்டும்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று அவைத்தலைவர் மணியைப் பார்க்கிறார்.  பின்வரிசை மாணவர்கள் கேள்விச் சீட்டுகளை அனுப்பியிருக்கிறார்கள். முதல் சீட்டில், மெட்ரோ பாலங்களில் காப்புத் தண்டவாளம் உண்டா என்று கேட்டிருக்கிறார் ஒரு மாணவி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.